நத்தார் மெட்லியில் கெடுவது யார்?

டிசெம்பர் பிறந்தால் எங்கள் பீடத்தில் ஒளிவிழாவுக்கான வட்ஸ்அப் குழு மறுபடியும் உயிர்த்தெழும். முதல் செய்தி எப்பவும் ஒன்றுதான்: "மெட்லி ஒண்டு போடுவம். ஏழு நிமிசம். மூண்டு மொழியும் வரவேணும்." அடுத்த பத்து நிமிடத்தில் ஆளுக்கு ரெண்டு பாட்டாகப் பட்டியல் வந்து குவியும். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை: ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்கு எப்படிப் போகப் போறம்?

அது கீபோர்ட் வாசிக்கிற ஆளின்ட வேலை, அவர் பாத்துக்கொள்ளுவார் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் எங்களைக் கேட்டால், மெட்லியின் முக்கால்வாசி வேலை அந்தப் பொருத்துகளில்தான் இருக்கிறது. எந்தப் பாட்டு முழுசா நிற்கிறது, எது ரெண்டு வரியோடு வெட்டுப்படுகிறது, எது தன்ட தாளத்தையே விட்டுக்கொடுக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. ஆகவே அதை ஒருவரின் விரலில் விடாமல் எல்லாரும் இருந்து கதைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து.

இதை யோசிக்கப் பெரிய இசைக் கோட்பாடு ஒன்றும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. சாதாரண தரத்துக்குப் படித்த தமிழ் இலக்கணம் காணும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் புணர்ச்சி பற்றிப் படித்திருப்பீர்கள். (வகுப்பில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தவர்கள் கையைத் தூக்குங்கோ.) இரண்டு சொற்கள் எந்த மாற்றமும் இல்லாமல் சேர்ந்தால் அது இயல்பு புணர்ச்சி. மாற்றத்தோடு சேர்ந்தால் விகாரப் புணர்ச்சி. அதில் மூன்று வகை: புதிதாக ஓர் எழுத்து வந்தால் தோன்றல், ஓர் எழுத்து இன்னொன்றாக மாறினால் திரிதல், ஓர் எழுத்து விழுந்தால் கெடுதல். வாழைமரம், வாழைப்பழம், பொற்குடம், மரவேர். ஞாபகம் வந்திருக்கும். பாட்டும் பாட்டும் சேருகிற இடத்திலும் எங்களுக்குத் தெரிந்து இந்த நாலும்தான் நடக்கின்றன.

முதலில் இயல்பு. 'சைலன்ட் நைட்' பாட்டை எடுங்கோ. 1818ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்தின இரவு, ஒஸ்திரியாவில் ஓபர்ன்டோர்ஃப் என்ற ஊரில், ஒரு கிற்றாரின் துணையோடு முதன்முதல் பாடப்பட்ட பாட்டு அது. ஜோசப் மோர் எழுதியதற்கு ஃபிரான்ஸ் குரூபர் மெட்டமைத்தார். அது சட்ஜத்தில் வந்து அமைதியாக முடிகிறது. 'ஜோய் டு த வேர்ள்ட்' மேல் சட்ஜத்தில் தொடங்கி, ஒரு படியும் விடாமல் கீழ்ச் சட்ஜம் வரை இறங்குகிறது. இரண்டையும் ஒரே சுருதியில் வைத்தால் நடுவில் பாலமே வேண்டாம். ஒன்று முடிந்த சுரத்தின் மேல் ஸ்தாயியிலேயே மற்றது தொடங்கிவிடும்.

தாளம் இடிக்குமே என்று கேட்பீர்கள். முதல் பாட்டு மூன்று மூன்றாகப் போகிறது, அடுத்தது இரண்டு, நாலாக. கர்நாடக சங்கீதம் படித்த ஆள் பக்கத்தில் இருந்தால் விடை சுலபம். கையால் போடுகிற பெரிய அடியை மாற்றாதீர்கள். அந்த அடிக்குள் இருக்கிற மூன்றை நாலாக்குங்கள். திஸ்ர நடை சதுஸ்ர நடை ஆகிறது, அவ்வளவுதான். கேட்கிறவருக்குப் பாட்டு திடீரென்று சுறுசுறுப்பானது போல இருக்கும். உண்மையில் கை ஓடுகிற வேகம் கொஞ்சமும் மாறியிருக்காது.

அடுத்தது தோன்றல். சுருதி மாறத்தான் வேண்டும் என்றால் நடுவில் ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். சீ-யில் ஒரு பாட்டு, அடுத்த பாட்டு டீ-யில் என்று வைப்போம். அப்படியே தாவினால் வாத்தியம் தாவிவிடும், சபை தாவாது. கரோல் என்பது மேடையில் இருப்பவர்கள் மட்டும் பாடுகிறது இல்லையே. முன்வரிசையில் இருக்கிற அம்மாமாருக்குத் தங்கள் முதல் சுரத்தைக் கண்டுபிடிக்க நேரம் வேண்டும். அதுக்கு ஜீ கோர்ட் உதவும். அது சீ-க்கு ஐந்தாவது, டீ-க்கு நாலாவது. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன். சீ, ஜீ, ஏ, டீ என்று நாலு கோர்ட் நிதானமாக நடந்தால் யாரும் வழி தவற மாட்டார்கள். இந்த வேலையை ஒரே பாட்டுக்குள் செய்து காட்டுவது 'வீ த்ரீ கிங்ஸ்'. 1857இல் ஜோன் ஹென்றி ஹொப்கின்ஸ் எழுதியது. சரணம் சோகமான மைனரில், கோரஸ் வெளிச்சமான மேஜரில். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஓர் எழுத்து நீண்டு நிற்கும். அந்த ஓரெழுத்தில் ஏறி நின்றுதான் பாட்டு மற்றப் பக்கம் போகிறது.

மூன்றாவது திரிதல். எங்களுக்குப் பிடித்ததும் அதுதான். 'த ஃபர்ஸ்ட் நோயல்' மற்றப் பாட்டுகளைப் போலச் சட்ஜத்தில் முடிவதில்லை. காந்தாரத்தில் நின்றுவிடும். சீ-யில் பாடினால் அது ஈ. 'கோட் ரெஸ்ட் யி மெரி ஜென்டில்மென்' பாட்டை ஈ மைனரில் வைத்தால் அது தொடங்குவதும் அதே ஈ-யில். ஆக ஒரே சுரம். முதல் பாட்டில் காந்தாரமாக இருந்தது, அடுத்த பாட்டில் சட்ஜமாகிவிடுகிறது. சத்தம் மாறவில்லை, அதன் வேலை திரிந்துவிட்டது. நம்மட பக்கத்தில் இதைக் கிரகபேதம் என்பார்கள். மோகனத்தின் காந்தாரத்தைச் சட்ஜமாக்கினால் ஹிந்தோளம் பிறக்கும். சங்கராபரணத்தின் தைவதத்தைச் சட்ஜமாக்கினால் நடபைரவி. மேற்கின் கரோலும் தஞ்சாவூரின் ராகமும் தூரத்து உறவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொருத்துப் போடுகிற இடத்தில் இரண்டுபேரும் ஒரே தந்திரத்தைத்தான் செய்கிறார்கள்.

கடைசியாகக் கெடுதல். சர்ச்சை இங்கேதான் தொடங்குகிறது. ஏழு நிமிடத்துக்குள் எல்லாப் பாட்டையும் எல்லாச் சரணத்தோடும் பாட ஏலாது. ஏதாவது விழத்தான் வேண்டும். அதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. மரமும் வேரும் சேரும்போது மகரமெய் ஒன்று விழுகிறது. ஆனால் மரமும் நிற்கிறது, வேரும் நிற்கிறது. விழுந்தது ஓர் எழுத்து, சொல் இல்லை. மெட்லியில் விழுவது எழுத்தா, சொல்லா என்பதுதான் கேள்வி.

நாங்கள் பங்குபற்றிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், ஏனென்றால் இது ஓரிடத்தின் குறை இல்லை. ஏழு நிமிடத்தில் ஒன்பது பாட்டு. ஆங்கிலம் ஆறு, சிங்களம் இரண்டு, தமிழ் ஒன்று. அந்த ஒன்று ஒரு கீர்த்தனை. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் வளர்த்த மரபில் வந்தது, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று ஒழுங்கோடு அமைந்தது. அதுக்குக் கிடைத்தது பல்லவி மட்டும், ஒருதரம், இருபத்தைந்து செக்கன். பல்லவி விசயத்தைத் தொடக்கி வைக்கும். சரணம்தான் கதையைச் சொல்லும். சொல்லிவிட்டுப் பல்லவிக்குத் திரும்பும்போதுதான் அந்த முதல் வரி முழுப் பொருளோடு கேட்கும். பல்லவியோடு நிறுத்தினால், எழுவாயைச் சொல்லிவிட்டுப் பயனிலையைச் சொல்லாமல் எழும்பிப் போனது போல.

அதோடு முடியவில்லை. முன்னால் போன பாட்டின் டிரம் சத்தம் நிற்கவே இல்லை. கீபோர்டில் ஒரு ஸ்டைலைப் போட்டுவிட்டு, ஒன்பது பாட்டையும் அதே அடியில் ஓடவிட்டார்கள். எங்கள் கீர்த்தனை கரகரப்பிரியா சாயலில் இருந்தது. அதில் இருப்பது சாதாரண காந்தாரம். கீழே கீபோர்ட் பிடித்த மேஜர் கோர்டில் இருந்ததோ அந்தர காந்தாரம். பாடின பிள்ளை பாவம், தன் காதை நம்புவதா கீபோர்டை நம்புவதா என்று தெரியாமல் கீபோர்டின் பக்கம் சாய்ந்துவிட்டாள். கமகம் எல்லாம் போய், ராகம் போய், மிஞ்சினது தமிழ் எழுத்துகள் மட்டும். முடிந்ததும் அறிவிப்பாளர், மும்மொழியும் ஒன்றாகச் சங்கமித்தது என்று பெருமையாகச் சொன்னார். மண்டபம் கைதட்டியது.

வடிவாகப் பார்த்தால், அந்த மெட்லியில் ஒரு தடங்கலும் இல்லை. எல்லாப் பொருத்தும் வழுவழுப்பு. எங்களை உறுத்தினதும் அந்த வழுவழுப்புத்தான். ஒருபக்கம் மட்டும் கெட்டு, மற்றப் பக்கம் அப்படியே நின்றால் பொருத்துச் சுலபமாகத்தான் இருக்கும்.

ஒரே அடியில் பாட்டுகளைக் கோர்ப்பது புது விசயம் இல்லை. 1981இல் 'ஸ்டார்ஸ் ஒன் 45' என்ற ஒல்லாந்துக் குழு, பீட்டில்ஸ் பாட்டுகளின் துண்டுகளை ஒரே டிரம்மிலும் கைதட்டலிலும் தொடுத்து, அமெரிக்காவில் முதலிடத்துக்கே போனது. ஆடுகிறவருக்கு அது வசதி. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் இருந்த நடை அதில் கரைந்துவிட்டது. எங்கள் ஊர் நொன்ஸ்டொப்பும் அப்படித்தானே என்று கேட்கலாம். இல்லை. இசை நிகழ்ச்சியின் கடைசியில் வருகிற பைலா நொன்ஸ்டொப்பில் பாட்டுகள் ஏற்கெனவே ஒரே குடும்பம். அந்த ஆறு எட்டுத் தாளம் அவற்றின் சொந்தத் தாளம், யாரும் கடன் கொடுக்கவில்லை. 'சுராங்கனி'யை ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்து பாடியபோது மொழி தாவியது தெரியாமல் போனதற்குக் காரணமும் அதுதான். இரண்டு மொழியும் அந்தத் தாளத்தில் ஏற்கெனவே குடியிருந்தன.

டிசெம்பரில் கடைத்தெருவெல்லாம் கேட்கிற பொனி எம் பாட்டும் ஒரு மெட்லிதான். 1978இல் வந்தது. ஹரி பெலஃபொன்டே 1956இல் பாடிப் பிரபலமாக்கிய 'மேரிஸ் போய் சைல்ட்' பாட்டோடு 'ஓ மை லோர்ட்' என்ற புதுப் பாட்டொன்றைச் சேர்த்தார்கள். பொருந்துகிறதுக்கென்றே இரண்டாவதைச் செய்தபடியால் அங்கே யாரும் எதையும் இழக்கவில்லை. ஆக, ஒரே அடி என்பது குற்றம் இல்லை. அந்த அடி யாருடையது என்று கேட்காமல் எல்லாருக்கும் போடுவதுதான் எங்களுக்குப் பிரச்சினை.

இதைத் தமிழுக்கு மட்டும் நடக்கிற அநியாயம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் மாணவர் அதிகமாக இருக்கிற பீடங்களில் இதே கணக்குத் தலைகீழாக நடக்கும். அங்கே சிங்களப் பாட்டுக்குத்தான் இருபத்தைந்து செக்கன். "அவங்களும் இருக்கிறாங்கள்தானே, ரெண்டு வரி போட்டுவிடுவம்" என்று நாங்களே சொல்லுவோம். எண்ணிக்கையில் குறைந்தவரின் பாட்டு எங்கேயும் பாட்டாக வருவதில்லை, அடையாளமாகத்தான் வருகிறது. தோசைக்குப் பக்கத்தில் கொஞ்சம் சம்பல் வைத்த மாதிரி.

"ஐயோ அக்கா, ஒரு நத்தார் பாட்டுக்கு இவ்வளவு அரசியலா?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்விதான். கொண்டாட்டத்தில் கொண்டாட வேண்டும், கணக்குப் பார்க்கக்கூடாது. ஆனால் 'மூண்டு மொழியும் வரவேணும்' என்று முதல் செய்தியிலேயே கணக்கைத் தொடங்கினது நாங்கள் இல்லை. மொழிகளை எண்ணத் தெரிந்தவர்கள் நிமிடங்களையும் எண்ணலாம்தானே. சபைக்குச் சலிக்கும் என்று இன்னொரு காரணம் சொல்லுவார்கள். தெரியாத பாட்டு சபைக்குச் சலிப்பது உண்மை. அது நீளத்தால் சலிப்பதில்லை, காதுக்குப் பிடிபடுவதற்கு முன்னம் முடிந்துபோவதால்தான் சலிக்கிறது. ஒரு வரி இரண்டாம் தரம் வரும்போதுதான் ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்குவார்கள். அந்த இரண்டாம் தரத்தை நாங்கள் கொடுக்கவே இல்லையே.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. அடுத்த முறை எங்கள் கையில் பட்டியல் வந்தபோது செய்ததைச் சொல்கிறோம். முதலில் ஒன்பது பாட்டை நாலாக்கினோம். சண்டை வந்தது. 'ஜிங்கிள் பெல்ஸ்' இல்லாத ஒளிவிழாவா என்று ஒரு அண்ணா கோபித்துக்கொண்டார். 1857இல் அது அச்சில் வந்தபோது நத்தாருக்கென்று எழுதின பாட்டே இல்லை, அதின்ட வரிகளில் நத்தார் என்ற சொல்லும் இல்லை என்று சமாளித்தோம்.

பிறகு, நகர முடியாத பாட்டு எது என்று பார்த்தோம். கீர்த்தனை பாடுகிற பிள்ளையின் குரல் ஐந்து கட்டை, அதாவது ஜீ. அவளை நகர்த்தினால் அவள் பாட்டும் போய்விடும். ஆகவே அவளை நடுவில் வைத்து மற்றவற்றை அவளுக்கு ஏற்ற மாதிரி நகர்த்தினோம். 'சைலன்ட் நைட்' ஒரு கட்டையில், சீ-யில். அதன் கடைசிக் கோர்டில் சீ, ஈ, ஜீ மூன்றும் இருக்கிறது. மற்றக் குரல்கள் ஓய, நாலு பேர் ஜீ-யை மட்டும் பிடித்து நின்றார்கள். சீ-க்கு அது பஞ்சமம். அந்த நேரத்தில் போனில் இருந்த தம்புராச் செயலியை ஐந்து கட்டையில் திறந்துவிட்டோம். பஞ்சமம் சட்ஜமாகத் திரிந்தது. எட்டு அட்சரம், ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், வெறும் சுருதி. அதுக்குள் மிருதங்கம் மெதுவாக வந்து சேர்ந்தது. கீபோர்ட் கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. பிறகு கீர்த்தனை, பல்லவியும் ஒரு சரணமும் திரும்பப் பல்லவியும்.

அடுத்து வந்த சிங்களப் பாட்டையும் அதே ஐந்து கட்டையில் வைத்தோம். பாடின சிங்கள நண்பிக்கும் அதுதான் வசதியான சுருதி. அது இயல்பு புணர்ச்சி. அதுக்குப் பிறகு மறுபடியும் பஞ்சமத்தைப் பிடித்தோம். ஜீ-க்குப் பஞ்சமம் டீ. இரண்டு கட்டை டீ-யில் 'ஜோய் டு த வேர்ள்ட்' எல்லாரோடும் சேர்ந்து. நாலு பாட்டு, ஏழு நிமிடம், மூன்று மொழி. பாட்டுகளைப் பழகினதைவிட அந்த மூன்று பொருத்துகளைத்தான் கூடப் பழகினோம். பொருத்துக்கு முன் நாலு வரி, பின் நாலு வரி, திரும்பத் திரும்ப.

உங்கள் இடத்தில் மிருதங்கம் இல்லை, தம்புரா இல்லை என்றால் பேச்சும் ஒரு பொருத்துத்தான். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் 1918 முதல் நடக்கிற கரோல் ஆராதனையில் பாட்டுகளுக்கு நடுவே ஒன்பது வேத வாசிப்புகள் வரும். எங்கள் தேவாலயங்களிலும் அதே ஒழுங்கைப் பார்த்திருப்பீர்கள். வாசிப்பு நடக்கும்போது போன பாட்டின் சுருதி காதில் இருந்து இறங்கிவிடும், அடுத்தது எந்தச் சுருதியிலும் தொடங்கலாம். வரப்போகிற பாட்டின் மொழியிலேயே மூன்று வரி வாசித்தால் இன்னும் நல்லது. காது அந்த மொழிக்குத் தயாராகிவிடும். அதுவும் முடியாவிட்டால் நாலு செக்கன் மௌனம். மௌனம் வந்தால் மெட்லி உடைந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். மூச்சு வாங்க ஓர் இடம் எந்தப் பாட்டுக்கும் வேண்டும்.

இந்த டிசெம்பரிலும் அந்த வட்ஸ்அப் குழு எழும்பும், பட்டியல் வரும். "என்ன பாட்டு" என்று கேட்பதோடு நிற்காமல் இன்னும் மூன்றைக் கேளுங்கோ. எந்தப் பாட்டின் சுருதிக்கு மற்றவை நகருகின்றன? யாருடைய தாளம் நிற்கிறது, யாருடையது விழுகிறது? ஒவ்வொரு பாட்டுக்கும் தன் கதையைச் சொல்லி முடிக்க இடம் இருக்கிறதா? விடை எப்பவும் ஒரே பக்கம் விழுகிறது என்றால், பொருத்து எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் அதைப் புணர்ச்சி என்று சொல்ல எங்களால் ஏலாது. இரண்டு சொல் சேரும்போது ஓர் எழுத்துக் கெடலாம் என்றுதான் நன்னூல் படித்தோம். ஒரு சொல்லே கெட்டுப்போகலாம் என்று அதில் எங்கேயும் இல்லை.